எந்தக் கொழுப்பு என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் வெளிவந்த உடல்நலக் கட்டுரையில், இதயத்தைக் காக்க விரும்புவோர் கொழுப்பை அறவே தவிர்க்க வேண்டும் என்ற அறிவுரை கட்டம் கட்டி அச்சிடப்பட்டிருந்தது. அந்தக் கட்டத்துக்குள் முட்டை, மீன், வேர்க்கடலை, தேங்காய், நெய், வனஸ்பதி ஆகிய எல்லாமே ஒரே குற்றத்துக்காகப் பிடித்துவரப்பட்டவர்களைப் போல ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டிருந்தன. முப்பத்தொரு ஆண்டுகள் வடசென்னைப் பள்ளிகளில் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையிலும், இதே அறிவுரையை வரி பிசகாமல் கடைப்பிடித்ததால் என் வீட்டில் நேர்ந்ததைப் பார்த்தவன் என்ற முறையிலும், அந்த வரிசை ஏன் பிழையானது என்பதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். கடிதம் நீண்டால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

மூன்றாண்டுகளுக்கு முன்பு என் மனைவிக்கு எடுத்த இரத்தப் பரிசோதனையில், இரத்தத்தில் ஓடும் ஒருவகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 214 என்று வந்தது; 150க்குள் இருந்திருக்க வேண்டும். பார்த்த மருத்துவர், வெளியே காத்திருந்த கூட்டத்தின் மீது ஒரு கண்ணை வைத்தபடி, “கொழுப்பு ஜாஸ்தியா இருக்கும்மா, எண்ணெய், மீன், முட்டை எதையும் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தார். சொன்ன சொல்லைத் தட்டாத இயல்புடையவர் என் மனைவி. அன்று முதல் மத்திக் குழம்பு நின்றது, முட்டை நின்றது, மாலையில் கொறிக்கும் வேர்க்கடலையும் நின்றது. ஆனால் பசி நிற்கவில்லை. எண்ணெய் படாதது என்ற ஒரே காரணத்துக்காக நான்கு இட்லி ஆறு ஆயிற்று. பதினொரு மணித் தேநீருக்கு ரஸ்க், மதியம் ரசம் ஊற்றிய சோறு இரண்டாம் முறையும், மாலைத் தேநீரில் தோய்த்த பொறையும் சேர்ந்துகொண்டன. ஆறு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் டிரைகிளிசரைடு 281. எண்ணெயையே நிறுத்திய பிறகு இரத்தத்தில் கொழுப்பு எப்படி ஏறும் என்று அவர் என்னைக் கேட்டார். அந்தக் கேள்விக்கான விடைதான் தங்கள் கட்டுரையில் விடுபட்டுப் போயிருக்கிறது.

தேவைக்கு மேல் உண்ணும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் நமது கல்லீரல் வீணாக்குவதில்லை. அவற்றை டிரைகிளிசரைடாக மாற்றி இரத்தத்தில் அனுப்பிவைக்கிறது. எனவே ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லாத தட்டிலிருந்தும் இரத்தத்துக்குக் கொழுப்பு வந்து சேரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுவதும் நடத்தப்பட்ட நீரிழிவு ஆய்வின் 2025ஆம் ஆண்டு முடிவுகள், நம் மக்கள் பெறும் கலோரியில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருவதாகக் கூறுகின்றன. அதிலும் பெரும்பகுதி தீட்டிய அரிசியும் அரைத்த மாவும் சர்க்கரையும்தான். டிரைகிளிசரைடு உயர்ந்தும், நல்ல கொலஸ்ட்ரால் என்று சொல்லப்படும் எச்.டி.எல். தாழ்ந்தும் காணப்படுவது தெற்காசியரிடம் பரவலாக உள்ள நிலை. இப்படிப்பட்ட மக்களிடம் கொழுப்பைத் தவிருங்கள் என்று மட்டும் சொல்லி, அதன் இடத்தில் எதை வைப்பது என்று சொல்லாமல் விட்டால், அந்த இடத்தைச் சோறும் ரஸ்க்குமே நிரப்பும். பிறகு வேறொரு மருத்துவமனையின் உணவு ஆலோசகர் சோற்றில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, ரஸ்க்கையும் பொறையையும் நிறுத்தி, வாரம் இருமுறை மத்தியையும் நாள்தோறும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையையும் திரும்பக் கொடுத்தார். நான்கு மாதத்தில் அளவு 168க்கு இறங்கியது. மாத்திரையும் நடைப்பயிற்சியும் உடன் இருந்தன என்பதால் மீன்தான் குணப்படுத்தியது என்று நான் வாதிட மாட்டேன். மீனை நிறுத்தியது உதவவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

குழப்பத்தின் ஒரு பகுதி நம் சொல்லிலேயே இருக்கிறது. தட்டில் உள்ள எண்ணெயையும் கொழுப்பு என்கிறோம், இரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ராலையும் கொழுப்பு என்கிறோம், இடுப்பில் சேரும் சதையையும் கொழுப்பு என்கிறோம். (எதிர்த்துப் பேசும் மாணவனுக்கு இருப்பதாக ஆசிரியர்கள் கண்டுபிடிப்பதும் கொழுப்புத்தான், அதை நானும் பலமுறை கண்டுபிடித்திருக்கிறேன்.) இவை தம்முள் தொடர்புடையவையே தவிர, ஒன்றல்ல. கொலஸ்ட்ரால் மெழுகு போன்ற ஒரு பொருள். உடலுக்கு வேண்டிய கொலஸ்ட்ராலில் பெரும்பங்கைக் கல்லீரலே செய்துகொள்கிறது. உணவிலிருந்து வருவது என்றால் அது முட்டை, இறைச்சி, பால் போன்ற விலங்கு உணவுகளிலிருந்துதான் வரும். தாவர எண்ணெயில் அது இல்லை என்றே சொல்லிவிடலாம். ஆகவே எண்ணெய்ப் பொட்டலத்தின் மீது ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று பெரிய எழுத்தில் அச்சிடுவது, வாழைப்பழத்தின் மீது ‘முள் இல்லாதது’ என்று சீட்டு ஒட்டி விற்பதற்குச் சமம். பொய் இல்லை, ஆனால் வாங்குபவர் அதைப் படித்துவிட்டு இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றுகிறார்.

மார்கழி மாதத்தில் நான் வகுப்புக்கு இரண்டு சிறு பாட்டில்களைக் கொண்டுபோவது வழக்கம். ஒன்றில் தேங்காய் எண்ணெய் உறைந்திருக்கும். மற்றொன்றில் நல்லெண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும். ஒரே குளிர், ஒரே அலமாரி, பிறகு ஏன் இந்த வேறுபாடு? கொழுப்பு அமிலம் என்பது கரிம அணுக்களைக் கோத்த ஒரு சரடு. அதில் இடமுள்ள இடமெல்லாம் ஹைட்ரஜன் நிரம்பியிருந்தால் அது நிறைவுற்ற கொழுப்பு. சரட்டில் ஓரிடத்தில் இரட்டைப் பிணைப்பு வந்தாலும் ஹைட்ரஜன் குறைந்து, அந்த இடத்தில் சரடு வளைகிறது. அது நிறைவுறாக் கொழுப்பு. நேரான விறகுகளை நெருக்கி அடுக்கலாம், கோணல் விறகுகளை அடுக்க முடியாது. அதனால்தான் முன்னது உறைகிறது, பின்னது ஓடுகிறது. தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்றது. பாமாயிலில் ஏறத்தாழப் பாதி. கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாது. நல்லெண்ணெயில் அதைவிடச் சற்றுக் குறைவு. சூரியகாந்தி எண்ணெயில் பத்தில் ஒரு பங்கு அளவே.

உடலுக்குள் இந்த வேறுபாடு எப்படி வேலை செய்கிறது என்றால், நிறைவுற்ற கொழுப்பு மிகும்போது, கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்லப்படும், இரத்தத்தில் சுற்றும் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் கல்லீரலின் திறன் குறைகிறது. அவை நாளங்களிலேயே தங்கிச் சுவரில் படியத் தொடங்குகின்றன. அதே நிறைவுற்ற கொழுப்பின் இடத்தில் நிறைவுறாக் கொழுப்பை வைத்தால் எல்.டி.எல். இறங்குகிறது, மாரடைப்பு வாய்ப்பும் குறைகிறது. அந்த இடத்தில் மைதாவையும் சர்க்கரையையும் வைத்தால் அந்த நன்மை கிடைப்பதில்லை. நெய் தோசையை விட்டுவிட்டுக் கிரீம் பிஸ்கட்டுக்கு மாறுகிறவர் என்ன சாதித்தார் என்பதை இதிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

வனஸ்பதியின் கதை முற்றிலும் வேறு. ஓடும் எண்ணெயில் நிக்கல் வினையூக்கியின் துணையோடு ஹைட்ரஜனைச் செலுத்தி அதைக் கெட்டியாக்கும் முறைக்கு 1902இல் ஜெர்மானியரான வில்ஹெல்ம் நார்மன் காப்புரிமை பெற்றார். 1937இல் இந்தியச் சந்தைக்கு வந்த டால்டா என்ற வனஸ்பதி, நெய் வாங்க முடியாத வீடுகளின் நெய்யாக மாறியது. அந்தப் பனைமரப் படம் போட்ட டப்பாவில் என் தாயார் பருப்பு வைத்திருந்தார். இப்படி அரைகுறையாக ஹைட்ரஜன் ஏற்றும்போது, வளைந்திருந்த சரடுகளில் ஒரு பகுதி இரட்டைப் பிணைப்பு இருந்தும் நேராகிவிடுகிறது. அதுவே டிரான்ஸ் கொழுப்பு. அது எல்.டி.எல். அளவை ஏற்றுவதோடு நில்லாமல் எச்.டி.எல். அளவையும் இறக்குகிறது என்பதை நெதர்லாந்தின் மென்சிங்க், காட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1990இல் நிறுவினார்கள். அதன்பின் உலகம் விழித்துக்கொண்டது. இந்தியாவில் எண்ணெய், வனஸ்பதி ஆகியவற்றில் இதற்கான உச்ச வரம்பு 10 விழுக்காட்டிலிருந்து ஐந்தாகி, 2021இல் மூன்றாகி, 2022 ஜனவரி முதல் 2 விழுக்காடாகியிருக்கிறது. உணவுப் பாதுகாப்பில் அரசு அமைதியாகச் செய்துமுடித்த நல்ல காரியங்களில் இதுவும் ஒன்று என்பது என் கருத்து. எந்த அளவிலும் நன்மை இல்லாத இந்த ஒன்றையும், பெரும்பகுதி நிறைவுறாக் கொழுப்பும் புரதமும் கொண்ட வேர்க்கடலையையும் ஒரே கட்டத்துக்குள் அடைத்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அறவே தவிர்க்க வேண்டும் என்ற தொடரைப் பற்றியும் ஒரு சொல். லினோலிக் அமிலம், ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் என்ற இரண்டு கொழுப்பு அமிலங்களையும் நம் உடலால் செய்துகொள்ள இயலாது. உணவு வழியாகத்தான் வர வேண்டும். கொழுப்பே இல்லாத உணவு கொடுக்கப்பட்ட எலிகள் தோல் நோயும் வளர்ச்சிக் குறையும் கண்டதை ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர் 1929இலேயே வெளியிட்டார்கள். ஏ, டி, ஈ, கே ஆகிய நான்கு வைட்டமின்களும் கொழுப்பில் கரைந்துதான் குடலிலிருந்து உள்ளே செல்லும். முருங்கைக்கீரையை வெறும் தண்ணீரில் வேகவைத்து உண்பவர் அதிலுள்ள, உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டீனில் பெரும்பகுதியை இழக்கிறார். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் தாளித்து உண்பவர் பெறுகிறார். தாய்ப்பாலின் கலோரியில் ஏறத்தாழப் பாதி கொழுப்பிலிருந்து வருவதே. எங்கள் தெருவில் ஓர் இளம் தாய், இதுபோன்ற கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ஆடை நீக்கிய பால் கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு வயது வரை குழந்தைக்குக் கொழுப்பைக் குறைக்கக் கூடாது என்று அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

இதனால் எண்ணெயைத் தாராளமாக ஊற்றலாம் என்று நான் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி என்றால் ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி. அது எந்தச் செக்கில் ஆட்டியதாக இருந்தாலும் ஒன்பதுதான். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு எண்ணெயும் நெய்யுமாகச் சேர்த்து 27 கிராம் என்று வைத்திருக்கிறது. அதாவது இரண்டு மேசைக்கரண்டி. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர் என்று வரும். தங்கள் வாசகர்கள் மளிகைச் சீட்டை எடுத்துப் பார்த்தால், பலர் வீட்டில் இது ஐந்தாகவும் ஆறாகவும் இருப்பதைக் காண்பார்கள். எங்கள் வீட்டில் ஐந்தரை இருந்தது.

நம் பகுதியில் பெரும்பாலான குடும்பங்களின் அந்த மூன்றரை லிட்டரில் ஒரு லிட்டர், நியாயவிலைக் கடையில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயில். அதை விஷம் என்று சொல்லும் காணொளிகள் வாட்ஸ்அப்பில் உலவுகின்றன. அது விஷம் அல்ல. டிரான்ஸ் கொழுப்பு அதில் குறிப்பிடும்படியாக இல்லை, பொரிப்பதற்கும் ஓரளவு தாங்கும். பாதியளவு நிறைவுற்றதாக இருப்பதுதான் அதன் குறை. ஆகவே அந்த ஒரு லிட்டரோடு மீதிக்குக் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ வாங்க முடிந்தவர்கள் அப்படிச் செய்யலாம். பாமாயிலுக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெயை நியாயவிலைக் கடையில் வழங்க வேண்டும் என்று தென்னை விவசாயிகள் கோருகிறார்கள். விவசாயியின் பக்கம் அது நியாயமான கோரிக்கை. ஆனால் இதய நலனைக் காரணமாகக் காட்டி அதைக் கேட்க முடியாது. கடலை எண்ணெயைக் கேட்டால் இரண்டு காரணங்களும் ஒத்துப்போகும். ‘வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு’ என்ற பழமொழியை இப்போது செக்கு எண்ணெய் விற்பவர்கள் எல்லாரும் பலகையில் எழுதி வைக்கிறார்கள். வாணியர் ஆட்டிய எண்ணெயில் எள்ளுக்கு இருந்த இடத்தை ‘எண்ணெய்’ என்ற சொல்லே காட்டும். அது எள்ளின் நெய். லிட்டர் கணக்கில் வாங்கு என்று பழமொழி சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

மீனைப் பற்றித் தங்கள் கட்டுரை எழுதியதுதான் எங்கள் பகுதிக்குப் பெரிய அநீதி. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் வசிப்பவர்களிடம் மீனை விடச் சொல்வதா? மத்தி, கவலை, கானாங்கெளுத்தி, நெத்திலி போன்ற எண்ணெய்ச் சத்துள்ள மீன்களில் இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் மிகுதி. டிரைகிளிசரைடைக் குறைப்பதற்கு மருத்துவர்கள் உயர்ந்த அளவில் மாத்திரையாகக் கொடுப்பதும் இவற்றைத்தான். விருந்தாளி வந்தால் வஞ்சிரம், இல்லாவிட்டால் சங்கரா என்று போகிறோமே தவிர, அவற்றின் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கும் மத்தியை முள் அதிகம், வாடை அதிகம் என்று ஒதுக்குகிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போதும் சிறு படகுகள் இவற்றைக் கொண்டுவருகின்றன. குழம்பாக வைத்தால் சத்து குழம்பிலேயே தங்கும். பலமுறை காய்ந்த எண்ணெயில் கருகப் பொரித்தால் மீன் தன் நல்ல கொழுப்பைப் போக்கிக்கொண்டு கெட்டதை ஏற்றிக்கொள்கிறது. மீன் உண்ணாதவர்கள் ஆளி விதை, வால்நட் போன்றவற்றிலிருந்து ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்தைப் பெறலாம். அதில் சிறு பகுதியை உடல் இ.பி.ஏ., டி.எச்.ஏ. ஆக மாற்றிக்கொள்கிறது.

பலமுறை காய்ந்த எண்ணெய் என்றேன். நான் இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கியதே இதைச் சொல்வதற்குத்தான். மாலை ஆறு மணிக்குத் தண்டையார்பேட்டையிலிருந்து வண்ணாரப்பேட்டை வரை நடந்து பாருங்கள். பஜ்ஜி, சிக்கன் பகோடா, மீன் வறுவல் என்று ஐம்பது அடிக்கு ஒரு கடாய் கொதிக்கிறது. வேலை முடிந்து பசியோடு வருகிறவர்களின் முதல் உணவு அதுதான். எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது காற்றும் ஈரமும் சூடும் சேர்ந்து அதன் சரடுகளை உடைக்கின்றன, ஒட்டவும் வைக்கின்றன. நிறம் கருக்கிறது, நுரை அடங்க மறுக்கிறது, முன்பைவிடக் குறைந்த சூட்டிலேயே புகைந்து கண்ணைக் கரிக்கிறது. உடைந்த பொருள்களை மொத்தமாக முனைவுச் சேர்மங்கள் என்பார்கள். அவை 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி இருக்கிறது. எண்ணெயில் முக்கி எடுத்த நொடிகளில் அளவு காட்டும் கைக்கருவியும் இருக்கிறது. ஆனால் நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் இடங்களுக்கே பதிவேடு கட்டாயம். பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக மாற்றும் திட்டமும் 2018இலேயே தொடங்கிவிட்டது. அதன் வண்டி பெரிய சமையலறைகளின் வாசலுக்கு வருகிறது, தள்ளுவண்டியின் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் தெருமுனையில் இருபது ஆண்டுகளாகப் பஜ்ஜி போடும் அம்மையாரின் கடாய் மூன்று லிட்டர் பிடிக்கும். இரவு கடையை மூடும்போது ஒன்றரை லிட்டர் மிஞ்சும். மறுநாள் அதன் மேலேயே புதியதை ஊற்றுவார். ஆசிரியர் புத்தி விடாமல் ஒருநாள் அவரிடம் இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “சார், ஒன்றர லிட்டர கால்வாயில ஊத்துனா அன்னிக்கு வந்த லாபம் அதோட போச்சு. சரி, ஊத்தல. யார்கிட்ட குடுக்கறது? நீங்களே சொல்லுங்க.” என்னிடம் பதில் இல்லை. எங்கள் பகுதியில் ஓடும் கேப்டன் காட்டன் கால்வாயில் ஊற்றுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருக்கும் கழிவு போதும். அவரைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. அவர் வீட்டுப் பிள்ளைகள் இரவில் உண்பதும் அதே கடாயில் பொரித்ததைத்தான்.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். ஞாயிறு இணைப்பில் மீனையும் முட்டையையும் வேர்க்கடலையையும் அந்த வரிசையிலிருந்து நீக்கி ஒரு திருத்தம் வெளியிடுங்கள். நீரிழிவும் இதய நோயும் உள்ளவர்கள் முட்டையின் அளவைத் தம் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். அடுத்து, வார்டுக்கு ஓரிடத்தில், பஜ்ஜிக் கடைக்காரர் இரவில் மிஞ்சிய எண்ணெயை லிட்டருக்கு இவ்வளவு என்று பணம் பெற்றுக்கொண்டு கொடுத்துவிட்டுப் போகும்படி ஏற்பாடு செய்ய இயலுமா என்று உணவுப் பாதுகாப்புத் துறையிடமும் மாநகராட்சியிடமும் தங்கள் நிருபர் கேட்டு எழுத வேண்டும். அவர்கள் கொடுக்கும் பதிலை அச்சிட்டால், அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு போய் அம்மையாரிடம் படித்துக் காட்டுகிறேன். அவர் இன்னும் என்னிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
தண்டையார்பேட்டை, சென்னை.